தலைமைப் பதவிகளில் இந்தியப் பெண்கள்: பின்னணி

சுதந்திர இந்தியாவில் உத்தியோகத் தலைமையை எட்டிய பெண்களின் ஜீவிய சரித்திரங்களை ஒருசேர நோக்குவோமாயின், போட்டிப் பரீட்சை ஒன்றும் குடும்பத் தொழிலின் பாத்தியதை மற்றொன்றுமாக இரண்டு வழிகள் பிரதானமாய்ப் புலப்படும்.

பரீட்சையின் வழி முதலில் திறந்தது சர்க்கார் சேவையில்தான். 1949-ல் அயல்நாட்டுப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணியான சி. பி. முத்தம்மா, குடகு நாட்டில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கற்றவர். 1951-ல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான அன்னா ராஜம், கோழிக்கோட்டில் வளர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். பெண்ணுக்குக் கலெக்டர் உத்தியோகம் ஒவ்வுமோ என்று ராஜாஜியே தயங்கிய அக்காலத்தில், குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் முடித்து ஓசூரில் சப்-கலெக்டராக அமர்ந்தார். ஆயினும் விவாகம் நிகழ்ந்தால் உத்தியோகத்தை இழக்க நேரும் என்னும் நிபந்தனை இவ்விருவரையும் கட்டியிருந்தது; ஆடவருக்கு இல்லாத இந்நிபந்தனையை எவ்வகை நியாயத்தாலும் ஆதரிக்க இயலாது. பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்ச நீதிமன்றத்தை அடைய, வழக்கு நடக்கையிலேயே சர்க்கார் அவரை உயர்த்திவிட்டமையால் மனு தள்ளுபடியானபோதிலும், சேவை விதிகளில் பெண்களுக்கு விரோதமாயிருந்த பாரபட்சத்தை 1979-ல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் வன்மையாகக் கண்டித்தார்.

வங்கிகள் அடுத்தபடியாக வந்தன. 1969-ல் பதினான்கு வங்கிகள் தேசியமயமாகிக் கிளைகள் பல்கிய பின்னர், சிபாரிசு வேண்டாத நியமனமும், வரையறுத்த பதவி உயர்வும், வெளியூர் மாற்றத்தைத் தாங்கவல்ல குடும்பமும் வாய்த்தவர்கள் படிப்படியாக மேலேறினர். நஷ்டத்தில் ஆழ்ந்திருந்த இந்தியன் வங்கியை 2000-ல் ஏற்று மீட்ட ரஞ்சனா குமாரும், ஆங்கில இலக்கியம் கற்று 1977-ல் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து 2013-ல் பாரத ஸ்டேட் வங்கியின் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யாவும் இவ்வாறு வந்தவர்களே. தலைமைக்குத் தகுந்த படிப்பு இதுவென்று முன்கூட்டியே வகுப்போர் அன்னா ராஜம், அருந்ததி என்னும் இலக்கிய மாணவியர் இருவரின் சரித்திரத்தைக் கவனிப்பது நலம்.

தொழிற்சாலைகளின் நிலைமை வேறு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடைப்பட்ட வேளையன்றிப் பெண்களை வேலைக்கு வைக்கலாகாது என விதித்தது. பாதுகாப்பை உத்தேசித்த அவ்விதி, உற்பத்திப் பிரிவின் இரவு முறையில் பெறவேண்டிய அனுபவத்தைப் பெண் பொறியாளர்களுக்கு அரிதாக்கிற்று. எனவே அங்கே மேலிடத்தை அடைந்தோருள் தொழிலதிபரின் புதல்வியர் சிறப்பாகத் தென்படுகின்றனர். ஏ. சிவசைலத்தின் மகளும் அமெரிக்காவின் வார்ட்டன் கல்லூரியில் நிர்வாகம் பயின்றவருமான மல்லிகா சீனிவாசன், 1986-ல் டாஃபே டிராக்டர் கம்பெனியில் சேர்ந்து பிற்பாடு அதன் தலைமையை ஏற்றார். பாத்தியதை கதவைத் திறக்குமேயன்றி டிராக்டரை விற்றுக் கொடுக்காது. அதற்கு அவருடைய திறமையே வேண்டியிருந்தது.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் பதிவான ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் ஒரு பெண்ணேனும் இருத்தல் வேண்டும் என்றது. உரிமையாளரின் மனைவியரையும் புதல்வியரையும் கொண்டே அவ்விடத்தை நிரப்பச் சில கம்பெனிகள் முற்படவே, முதல் ஐந்நூறு கம்பெனிகள் 2019 ஏப்ரல் முதற்கொண்டும், முதல் ஆயிரம் கம்பெனிகள் 2020 ஏப்ரல் முதற்கொண்டும், உரிமையாளருடன் சம்பந்தமற்ற சுயேச்சைப் பெண் இயக்குநர் ஒருவரை நியமித்தாக வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி விதித்தது.