பாலாற்றங்கரைச் சபைகளின் திருமணப் பதிவேடுகள்

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே, மாதனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று தன் பூட்டன் பூட்டியின் திருமணப் பதிவைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று மணம் முடித்துவைத்த போதகர் எந்த மிஷனைச் சேர்ந்தவர் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இன்றைய சபையின் பெயர்ப்பலகையை நம்பிப் போனால் வழி தவறும்.

ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் நிறுவிய ஆர்க்காடு மிஷன், அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தது. 1895இல் கிருஷ்ணகிரியில் பணி தொடங்கிய மிசௌரி லூத்தரன் மிஷன், பின்னர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பரவியது. வெஸ்லியன் மெத்தடிஸ்டுகள் 1817இலேயே சென்னைக்கு வந்தும் மன்னார்குடி, திருவள்ளூர் பக்கமே வேரூன்றினார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று அவர்களும், ஆர்க்காடு மிஷன் சபைகள் ஏற்கெனவே சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும், ஆங்கிலிக்கரும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். லூத்தரன்கள் சேரவில்லை. கோலார்ப் பக்கம் பணியாற்றிய அமெரிக்க மெத்தடிஸ்டுகளும் சேரவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர்களின் வம்சத்தார் அந்தப் பக்கத்து ஏடுகளையும் பார்த்துவிடுவது நல்லது.

மெத்தடிஸ்டுகளிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு வகுப்பில் சேர்ந்திருப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயர் எழுதிய சீட்டு ஒன்று அவருக்குக் கிடைக்கும். முன்னோர் எந்தச் சபையார் என்று காட்டும் அப்படியொரு சீட்டு எந்த வீட்டுப் பெட்டியில் கிடைத்தாலும் அதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மிஷன் வேறுபாடு சட்டத்திலும் எதிரொலித்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், பிரிவு 5இன்படி, பேராயரிடம் குருத்துவ அபிஷேகம் பெற்றவரும் ஸ்காட்லாந்து திருச்சபைக் குருவும் தனி உரிமம் இல்லாமலே திருமணம் நடத்தலாம். மெத்தடிஸ்ட், லூத்தரன், சீர்திருத்தச் சபைப் போதகர்களுக்கோ அரசின் உரிமம் வேண்டும். அது பிரிவு 6இன் கீழ் அரசிதழில் அறிவிக்கப்படும். ரத்தானாலும் அவ்வாறே அறிவிக்கப்படும். ஆகவே ஒரு போதகர் எப்போது உரிமம் பெற்றார் என்பதைப் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் தேடலாம். சபை வரலாறு எழுதுவோர் பலர் இந்த வாசலைத் தட்டுவதே இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தால், ஆண்டுவிழா மலர்களில் செவிவழியாகத் திரும்பத் திரும்ப அச்சாகும் பல செய்திகளைச் சரிபார்த்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தியக் கிறிஸ்தவர் திருமணங்களுக்குத் தனிப் பதிவேடு வைக்கச் சொல்கிறது பிரிவு 37. போதகர் மாறிப் போகும்போது அதை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஏடு நிரம்பியதும் பிறப்பு இறப்பு திருமணத் தலைமைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அதனால் சபை பீரோவில் பழைய ஏடு இல்லையென்றால் உடனே தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

சட்டத்தின் நான்காம் அட்டவணைப் படிவத்தை ஊன்றிப் பாருங்கள். மணமக்களின் பெயர், குடும்பப் பெயர், வயது, முன்பு மணமானவரா என்ற விவரம், தொழில், வசிப்பிடம், தகப்பன் பெயர், இவையே கட்டங்கள். குடும்பப் பெயரே இல்லாத நம் மக்களை எழுத்தர்கள் அந்தக் கட்டத்தில் எப்படி அடைத்தார்கள் என்பதே ஆய்வுக்குரியது. தாயின் பெயருக்கு இடமே இல்லை. இந்தக் குறை எனக்குப் பெரிதாகவே படுகிறது. தாய்வழி உறவைத் தேடுவோர் ஞானஸ்நானப் பதிவேட்டுக்குத்தான் போயாக வேண்டும். தொழில் கட்டமோ நம் வட்டாரத்துக்குப் பொக்கிஷம். தோல் பதப்படுத்தும் தொட்டியருகே உழைத்தவர்களின் பெயர்கள் டேனரி முதலாளிகளின் கணக்கில் கூலிக்காக ஏறின. பதிவேட்டிலோ அதே மனிதர் இன்னாரின் மகனாக, இன்ன ஊர்க்காரராக, சாட்சிகள் இருவர் முன்னிலையில் தாமே கையெழுத்தோ கைநாட்டோ இடுகிறார். அவருக்குப் பக்கத்தில் மணமகளும் இடுகிறாள்.

சபை மூப்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். எஞ்சியிருக்கும் ஏடுகளைக் கரையானுக்கு விடாமல் இந்த ஆண்டே பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். ஊர், ஆண்டு, போதகர் பெயர் மூன்றையும் சேர்த்து அட்டவணை போடுங்கள். உறைபோட்டு ஒட்டும் வேலையைப் பழக்கமில்லாதவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.