டெர்பிஷயரில் ஒரு சென்னைப் பந்தெறிவாளர்

கிரிக்கெட் ஆட்டத்தைக் கீழ்நாடுகளுக்குக் கொணர்ந்தவர் ஆங்கிலேயர். அவ்வாட்டத்தை அவர்தம் ஊரிலேயே, அவர்தம் கூலியைப் பெற்று ஆடிக்காட்டிய தமிழர்களுள் சீனிவாசராகவன் வெங்கட்ராகவன் குறிப்பிடத்தக்கவர். 1945 ஏப்ரல் 21-ஆம் நாள் சென்னையில் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்றவர். 1965-இல், இருபது வயது நிரம்புமுன்னரே, நியூசிலாந்துக் குழுவினர்க்கெதிரே டில்லி டெஸ்டில் 72 ஓட்டங்களுக்கு எட்டும், 80 ஓட்டங்களுக்கு நான்குமாகப் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இத்தகைய தொடக்கத்திற்குப் பின்னும் அவர்க்கு இந்தியக் குழுவில் இடம் நிலைபெறவில்லை. காரணம், மைசூர்ப் பிரசன்னா. இருவரும் வலக்கையால் ஆஃப் சுழற்பந்து எறிபவர். இருவரும் பொறியியல் கற்றவர். இடமோ பெரும்பாலும் ஒன்றே. பிரசன்னா பந்தை வானில் மிதக்கவிட்டு மட்டையாளரை ஏமாற்றுவார். வெங்கட்ராகவன் நெடிய உருவினர், சற்று விரைந்தெறிந்து அளவு பிசகாமற் காப்பவர். எவர் சிறந்தவர் என்னும் வழக்கு சென்னைக்கும் பெங்களூருக்குமிடையே இன்றுந் தீர்ந்தபாடில்லை. 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளில் 22 விக்கெட்டுகள் பெற்று அத்தொடரில் இந்தியப் பந்தெறிவாளர்களுள் முதலிடம் பெற்றவர் வெங்கட்ராகவனே என்பதை மட்டும் இங்குக் கூறியமைவோம்.

ஆங்கிலக் கவுண்டிகள் 1968 முதல், குடியிருப்புக் காலத்தை வற்புறுத்தாது அயல்நாட்டாரைச் சேர்த்துக்கொள்ள இசைந்தன. அவ்வழியே 1973 முதல் 1975 வரை வெங்கட்ராகவன் டெர்பிஷயருக்காக ஆடினார். அது செல்வச் செழிப்புள்ள கவுண்டியன்று. நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வேகப்பந்தெறிவாளரைப் பெற்றுப் பழகியது. அங்கே கோடையும் குளிரும். 1975 ஜூன் 2-ஆம் நாள் பக்ஸ்டன் திடலில் பனி பெய்து, லங்காஷயருடன் நடந்த ஆட்டம் நின்றதென்றால் பார்த்துக்கொள்ளலாம்! மழைக்குப் பேர்போன தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் வாழ்வோர்க்கு, ஈரத் தரையிற் பந்து படும் பாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. சேப்பாக்கத்து வெயிலிற் பழகிய விரல்களுக்கு அது புதுக் கல்வி. ஆயினும் தாயகத்தில் பன்னிரண்டாம் ஆளாகக் காத்திருந்தவர்க்குக் கவுண்டியில் நாள்தோறும் வேலையிருந்தது. அதுவே பெரும்பேறு எனலாம்.

தாயகம் அவரை நடத்திய முறை வியப்புக்குரியது. 1974 டிசம்பரில் பட்டௌடி காயமுற்றமையால் டில்லி டெஸ்டில் வெங்கட்ராகவனே தலைவர். அடுத்த கல்கத்தா டெஸ்டில் ஆடும் பதினொருவரில் அவர் இல்லை! 1979-இல் இங்கிலாந்து சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஓவல் திடலில் 438 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா, கவாஸ்கரின் 221 ஓட்டங்களால் எட்டு விக்கெட்டுக்கு 429 வரை சென்று, வெற்றிக்கு ஒன்பது ஓட்டங்கள் குறைய ஆட்டத்தைச் சமனாக முடித்தது. திரும்பும் வழியில் விமானத்திலேயே, இனிக் கவாஸ்கரே தலைவர் என்ற அறிவிப்பு ஒலித்தது. தலைமையிழந்தவரும் அதே விமானத்தில் அமர்ந்திருந்தார்.

1983 வரை 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகள். முதல்தர ஆட்டங்கள் யாவற்றிலுமாக 1390. பின்னர் நடுவராகி, 2004-இல் ஓய்வு பெறுமுன் 73 டெஸ்டுகளில் தீர்ப்புரைத்தார். தாம் ஆடியவற்றினும் மிகுதியான டெஸ்டுகளை அவர் கண்டது வெள்ளை மேலங்கி அணிந்து நின்றபோதே.