பாட்டுப்பெட்டியும் பாடவேறுபாடும்

தென்காசிக் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அக்கோயிலுக்குக் குறை நேருமாயின் அதனை நீக்கிப் புரப்போர் யாவராயினும் அவரைத் தான் பணிவதாகக் கல்லிற் பொறித்துள்ளான். கட்டுவித்தவன் செப்பனிடுவோனை வணங்கும் இச்செய்தி ஐந்நூறு ஆண்டுகட்கு மேற்பட்டது. தென்காசியையும் அதனை அடுத்த திருக்குற்றாலத்தையும் ஆராயப் புகுவோர் கல்வெட்டையும் குறவஞ்சியையும் தலபுராணத்தையும் சான்றாகக் கொள்வர். இப்பகுதியின் அண்மைக்கால வரலாற்றிற்கு மற்றுமொரு சான்றும் உண்டு, அஃது இசைத்தட்டு. அதனைப் படித்தற்கு அக்காலத்தார் கொண்ட கருவி, மக்கள் பாட்டுப்பெட்டி என வழங்கிய கிராமபோன். கருவி திரியின் சான்றும் திரியும் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

அந்நாளில் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்து 1956-இல் தமிழகத்தோடு இணைந்த செங்கோட்டை, தென்காசிக்கு அணித்தாய ஊர். அங்கு 1906-இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, நாடகமேடையில் உச்சக் குரலாற் புகழெய்தி 1933-இல் மறைந்தார். தமிழிற் பேசும்படம் 1931-இலேயே தோன்றியதாயினும், அவர் குரல் நமக்கு இசைத்தட்டின் வாயிலாகவே கிடைக்கின்றது. அவர் பாடிய சுருதி யாது என வினவுவோர்க்குத் தட்டையன்றி வேறு கரியில்லை. அத்தட்டோ சுழலும் வேகத்திற்கு ஏற்பச் சுருதி மாறும் இயல்பினது.

இவ்வேகத்தைக் கட்டுவது கவர்னர் என்னும் உறுப்பு. சாவி கொடுக்குங்கால் இறுகிய சுருள்வில் தளரும்போது தட்டு சுழலும். வேகம் மிகின், மெல்லிய எஃகுத் தகடுகளிற் பிணித்த மூன்று குண்டுகள் வெளிநோக்கி விரிந்து, தம்மோடு இணைந்த வட்டத்தை இழுத்துத் தோல் அல்லது கம்பளித் துண்டில் உரசச் செய்யும், வேகம் தணியும். குண்டுகளுள் ஒன்று எடை வேறாயின், அன்றி ஒரு தகடு முறிந்து வேறு பெட்டியின் தகடு இடப்பெறின், சுழற்சி சீர்கெடும். நிமிடத்திற்கு 78 சுற்று என்பதில் நான்கு அல்லது ஐந்து மிகுந்தாலே பாட்டு அரைக்கட்டை உயர்ந்துவிடும். கிட்டப்பாவின் சுருதியைப் பற்றி எழுந்த வழக்குகளிற் சில, பாடகரைப் பற்றியன அல்ல, பழுதுற்ற கவர்னரைப் பற்றியன என்று கருத இடமுண்டு.

இதனைத் தேர்தற்கு எளிய வழி ஒன்றுளது. நொடிக்கு 50 சுழற்சியுடைய மின்விளக்கின் ஒளியில், 77 கோடுகள் வரைந்த வட்டத்தாளைத் தட்டின்மேல் வைத்துச் சுழற்றினால், வேகம் 78-ஐ எய்துங்கால் கோடுகள் அசையாது நிற்பனபோற் றோன்றும். எனினும் 78 என்பதும் யாண்டும் பொருந்தும் விதியன்று; முகப்புத்தாளில் 80 என்றே அச்சிடப்பெற்ற கொலம்பியாத் தட்டுகள் உள. அவற்றிற்கு 75 கோடுகள் வேண்டும்.

அடுத்தது ஒலிப்பெட்டி, அஃதாவது ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் உறுப்பு. புனல் முன்னின்று பாடிப் பதிந்த காலத்துத் தட்டுகளுக்கு அபிரகத் தகடு பூண்ட 'எக்ஸிபிஷன்' முதலியன உரியவை. 1925-இல் மின்முறைப் பதிவு புகுந்தபின் 4-ஆம் எண்ணும், அலுமினியத் தகடுடைய 5ஏ, 5பி என்பனவும் வந்தன. 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' 101-ஆம் எண் கைப்பெட்டிக்கு 4-ஆம் எண்ணும், 1931-இல் வந்த 102-ஆம் எண்ணிற்கு 5ஏ அல்லது 5பி-யும் உரியன. இவை மாறிப் பூட்டப்பட்டிருப்பின், அப்பெட்டி பல ஏடுகளினின்று ஒட்டிச் சேர்த்த சுவடியை ஒக்கும்.

அதனினும் தீயது போலி. பளபளக்கும் மெல்லிய பித்தளைப் புனலும் எண்கோணப் பெட்டியும் நாய் முத்திரையும் கொண்டு, உள்ளே கைப்பெட்டியிலிருந்து பெயர்த்த இயந்திரத்தைப் பொருத்தி, நம் நாட்டிலேயே அண்மையிற் செய்யப்பட்டவை எண்ணற்றவை பழம்பொருட் கடைகளில் உள்ளன. முத்திரையை நம்பற்க, புனலைத் தாங்கும் முழங்கையின் வார்ப்பையும் உள்ளுறுப்பில் வெட்டிய எண்ணையும் நோக்குக.

குற்றாலச் சாரல் புலவர்க்கு இனிது, பெட்டிக்கு இனிதன்று. ஈரத்தாற் சுருள்வில் துருவேறும். தட்டில் பூசணம் படரும். பூசணத்தைச் சாராயங்கொண்டு துடைப்பார் உளர். தட்டின் பிணைப்பே அரக்காதலின், அரக்கைக் கரைக்கும் சாராயம் எழுத்தையே அழித்துவிடும். அபிரகத்தின் விளிம்பிலுள்ள ரப்பர் இறுகியிருப்பின் அதனை மாற்றுதல் தகும்; அது சிதைவேயன்றி மூலமன்று. துத்தநாகக் கலவையாற் செய்த பின்மூடி வீங்கி வெடித்திருப்பின், புதியது இடுவோர் பழையதை எறியாது உடன்வைத்தல் வேண்டும். பெட்டியை அடையாளங்காண அதுவே துணை.

தட்டிற்கும் இம்முறை ஒக்கும். 1908-இற் கல்கத்தாவில் தொழிற்சாலை தோன்றும் முன்னர், கிராமபோன் குழுமத்தார் இந்தியப் பாடல்களை ஜெர்மனியின் ஹானோவரில் தட்டாக்கி வருவித்தனர். அக்காலத்துப் பாடகர் சிலர் பாட்டின் இறுதியில் தம் பெயரைத் தாமே கூறுவர். ஏட்டின் இறுதியில் எழுதினோன் பெயர் காண்பது போல்வது இது. முகப்புத்தாளின் விற்பனை எண் மறுவெளியீட்டில் மாறும். அத்தாளை அடுத்த வெற்றிடத்திற் பொறித்த பதிவெண்ணே மூலத்தைக் காட்டும். அவ்வெண்ணும் சுழற்றிய வேகமும் ஒலிப்பெட்டியின் வகையும் குறியாது, 'கிட்டப்பாவின் ஒரு தட்டில்' என மேற்கோள் காட்டும் ஆய்வேட்டை ஏற்றல் எங்ஙனம்?