பொக்லைன் வந்த கதை

ஏரி தூர்வாரும் எந்த இயந்திரத்தையும் ஆம்பூர்ப் பக்கம் 'பொக்லைன்' என்றுதான் சொல்கிறோம். அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம்.

1927-இல் ஜார்ஜ் பத்தாய் பாரிசுக்கு வடகிழக்கே விவசாயக் கருவிகள் செய்யத் தொடங்கினார். 1951-இல் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தோண்டும் இயந்திரம் வந்தது. 1961-இல் முழு வட்டமும் சுழலும் டி.ஒய்.45. நம் நாட்டில் லார்சன் அண்ட் டூப்ரோ அந்தக் கம்பெனியோடு சேர்ந்து செய்தது.

தொண்ணூறுகளில், தோல் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய ஒரு கிழட்டு வண்டி நினைவுக்கு வருகிறது. வாளி மண்ணில் இறங்கினால் கை தளரும், இன்ஜின் திணறி நின்றுவிடும். "பம்பு போச்சு" என்று முதலாளி அதைப் பழைய இரும்புக்குப் போடத் துணிந்தார். ஓட்டுநருக்கு அதுதான் சோறு.

மெக்கானிக் பாய் ஒப்பவில்லை. "பம்பு தேய்ஞ்சா கைதான் தளரும், இன்ஜினுக்குப் பாரம் குறையும், நிக்காது. இங்கே ரெண்டும் சேர்ந்து வருது. இன்ஜினுக்கு டீசல் பத்தல. அது சுத்தாட்டி பம்பு எப்படிச் சுத்தும்?"

டீசல் பில்டரைக் கழற்றினார். உள்ளே துருவும் சேறும். டேங்கின் அடியில் தண்ணீர். கழுவி, புது பில்டர் போட்டு, காற்றை வெளியேற்றினார். மாலையே பள்ளம் நீண்டது.

பிரெஞ்சில் அந்தப் பெயரின் கடைசி ஒலி மூக்கோடு நின்றுவிடும் என்று அவருக்குச் சொல்லிக் காட்டினேன்.

"பொக்லைனே நல்லா இருக்கு சார்" என்றார்.