தவளைத் தோலில் சோடியம்: 1848 முதல் 1994 வரை

ஐப்பசி மழையில் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் நிரம்பியதும் தவளைச் சத்தம் இரவெல்லாம் ஓயாது. அந்தப் புதுநீரில் உப்பு மிகக் குறைவு. தவளையின் இரத்தத்திலோ லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிமோல் சோடியம் உண்டு. தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. ஈரத் தோல் வழியே நீர் தானாக உள்ளே ஊறுகிறது. மிகுந்த நீரைச் சிறுநீராகக் கழிக்கும்போது உப்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது. போன உப்பை அதே கண்மாய் நீரிலிருந்து தவளை எப்படி மீட்கிறது? இதற்கு விடை தேடிய ஆய்வுகளே மனிதச் சிறுநீரகம் சோடியத்தைக் காக்கும் விதத்தையும் விளங்கவைத்தன.

பெர்லினில் எமில் டு போய்ஸ்-ரெய்மோன் 1848இல் தவளைத் தோலின் இரு பக்கங்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இருப்பதைக் கண்டார். தோலின் உட்புறம் நேர்மின், வெளிப்புறம் எதிர்மின். அந்த மின்சாரம் எதனால் வருகிறது என்பது அரை நூற்றாண்டுக்குப் பிடிபடவில்லை. 1904இல் இத்தாலியின் கலியோட்டி, கரைசலில் சோடியமோ லித்தியமோ இருந்தால்தான் மின்னழுத்தம் நிலைக்கிறது என்றார். சோடியம் வெளியே வருவதைவிட உள்ளே எளிதாகப் போகிறது என்பது அவர் தந்த விளக்கம். வெப்ப இயக்கவியலுக்கு அது ஒவ்வாது என்று மறுத்தார்கள். உயிருள்ள செல் ஆற்றலைச் செலவிட்டு அயனிகளைத் தள்ளும் என்ற எண்ணம் அன்று வேரூன்றவில்லை.

1937இல் கோபன்ஹேகனின் ஆகஸ்ட் க்ரோக் அந்த எண்ணத்துக்கு வலுவான சான்று தந்தார். காய்ச்சி வடித்த நீரில் வைத்து உப்பை இழக்கச் செய்த தவளைகளை மிக நீர்த்த உப்புக் கரைசலில் விட்டார். கரைசலில் இருந்த சொற்ப உப்பையும் அவை தோல் வழியே இழுத்துக்கொண்டன.

அவருடைய மாணவர் ஹான்ஸ் உஸ்ஸிங் செய்தது, உடலியல் வரலாற்றிலேயே அழகான சோதனைகளில் ஒன்று. தவளையின் வயிற்றுத் தோலை வெட்டியெடுத்து இரண்டு சிறு அறைகளுக்கு நடுவே திரைபோல இறுக்கி, இருபுறமும் ஒரே ரிங்கர் கரைசலை (உடல்நீரை ஒத்த உப்புக் கரைசலை) நிரப்பினார். இப்போது இருபுறமும் செறிவு ஒன்றே. மின்னழுத்தம் மட்டுமே மிச்சம். வெளியிலிருந்து எதிர்மின்னோட்டம் கொடுத்து அதையும் சுழியமாக்கினார். தள்ளும் புறவிசை எதுவும் இல்லாத நிலையிலும், மணிக்கணக்கில் மின்னோட்டம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. கதிரியக்கச் சோடியத்தைக் கலந்து அளந்தபோது, அந்த மின்னோட்டமும் உள்ளே சென்ற நிகரச் சோடியத்தின் அளவும் ஒத்துப்போயின. 1951இல் உஸ்ஸிங்கும் ஜெரானும் இதை வெளியிட்டார்கள். அதன்பின் அம்மீட்டரைப் பார்த்தே சோடியப் போக்கை நொடிக்கு நொடி அறிய முடிந்தது.

ஹார்மோன் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைத்திராது. பிட்யூட்டரியின் பின்மடல் சாறு தவளையை நீர் உறிஞ்சச் செய்யும் என்று 1921இலேயே ப்ரூன் காட்டியிருந்தார். 1951இல் ஃபூர்மனும் உஸ்ஸிங்கும் அந்தச் சாறு சோடியப் போக்கையும் கூட்டுவதைக் கண்டார்கள். நம் உடலில் அந்தப் பின்மடலின் ஹார்மோனான வாசோப்ரெசின் செய்யும் வேலையைத் தவளையில் செய்வது வாசோடோசின்.

அடுத்த ஹார்மோன் அட்ரினல் புறணியிலிருந்து வந்தது. லண்டனில் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும், பாசலில் ரைக்ஸ்டைன் குழுவும் சேர்ந்து 1953இல் ஆல்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தார்கள். 1958இல் அலெக்சாண்டர் லீஃப் தேரையின் சிறுநீர்ப்பையை உஸ்ஸிங் முறையில் பொருத்தினார். தோலைவிட மெல்லியது, கையாள எளியது. 1961இல் க்ராபே அதன்மீது ஆல்டோஸ்டிரோனைச் சேர்த்தார். உடனே எதுவும் நடக்கவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே மின்னோட்டம் ஏறத் தொடங்கி, பல மணி நேரம் ஏறிக்கொண்டே போனது. வாசோப்ரெசினுக்கோ சில நிமிடங்களே போதும்.

அந்தத் தாமதத்தில்தான் விஷயமே இருந்தது. 1963இல் இசிடோர் எடெல்மனும் உடன் ஆய்வாளர்களும் கதிரியக்க ஆல்டோஸ்டிரோன் செல்லின் உட்கருவில் போய்ச் சேர்வதைப் படமெடுத்தார்கள். மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசின்-டி கொடுத்ததும் ஹார்மோனின் விளைவு மறைந்தது. அதாவது, ஆல்டோஸ்டிரோன் இருக்கிற புரதத்தைத் தட்டியெழுப்பவில்லை. புதிய புரதத்தைச் செய்யச் சொல்கிறது. ஆல்டோஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்கள் மரபணு வழியே இயங்குகின்றன என்ற கருத்துக்குத் தேரையின் சிறுநீர்ப்பை தந்த ஆதரவு மிகப் பெரிது.

அந்தப் புரதம் எங்கே வேலை செய்கிறது? கோஃபோட்-யொன்சனும் உஸ்ஸிங்கும் 1958இலேயே செல்லின் இரு முகங்களைப் பிரித்துச் சொல்லியிருந்தார்கள். வெளிமுகத்தில் சோடியம் தானாக நுழைகிறது. உள்முகத்திலுள்ள பம்ப் அதை இரத்தப் பக்கம் தள்ளுகிறது. கண்மாய்க்கு மடை எப்படியோ அப்படித்தான் வெளிமுகம்: எவ்வளவு விடுவது என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. ஹார்மோன்களின் பிடியும் பெரிதும் அங்கேதான். பம்ப்பை நண்டின் நரம்பில் 1957இல் அடையாளம் கண்ட யென்ஸ் ஸ்கூவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.

தவளைத் தோல் நம் வகுப்பறைகளுக்கும் புதிதல்ல. மதுரைக் கல்லூரிகள் உட்படத் தமிழகம் முழுக்க விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அறுத்தது, லெசோன் 1834இல் புதுச்சேரி மாதிரியைக் கொண்டு விவரித்த குளத்துப் பச்சைத் தவளையை: அன்றைய பெயரில் ரானா ஹெக்சாடாக்டைலா. மெழுகுத் தட்டில் மல்லாத்தி, வயிற்றுத் தோலைக் கத்தரித்து இருபுறமும் குண்டூசி குத்தி ஒதுக்கிவிட்டுத்தான் ‘பாடம்’ தொடங்கும். ஒதுக்கப்பட்ட அந்தத் தோல்தான் உஸ்ஸிங் கையில் உடலியலையே மாற்றியது. உறுப்புகளின் பெயர்களோடு இந்தக் கதையையும் சொல்லியிருந்தால் அத்தனை தவளைகளின் சாவுக்குக் கொஞ்சமேனும் பொருள் இருந்திருக்கும். 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு அறுவைப் பயிற்சியை நிறுத்தச் சொன்னது. கதையை இப்போதும் சொல்லலாம்.

டு போய்ஸ்-ரெய்மோன் கண்ட அந்த மின்னழுத்தம் தலைப்பிரட்டைத் தோலில் இல்லை. உருமாற்றத்தின் இறுதிக் கட்டத்தில்தான் தோன்றுகிறது என்று 1965இல் டெய்லரும் பார்க்கரும் காட்டினார்கள். செவுளை இழந்து கரையேறும் பருவத்தில் தோல் அந்தப் பொறுப்பை ஏற்கிறது.

வெளிமுகத்தில் சோடியம் நுழையும் அந்த மடையின் மூலக்கூறு பிடிபட மேலும் கால் நூற்றாண்டுக்கு மேலானது. 1960களில் வந்த அமிலோரைடு என்ற மருந்து, தவளைத் தோலின் வெளிமுகத்தில் பட்டதுமே சோடிய மின்னோட்டத்தை நிறுத்தியது. 1993-94இல் செசிலியா கனெஸ்ஸாவும் பெர்னார் ரொசியேயும் எலியின் பெருங்குடலிலிருந்து மூன்று துணைப்புரதங்கள் கொண்ட சோடியக் கால்வாயின் மரபணுக்களைப் பிரித்தார்கள். கண்டுபிடித்தது சரிதானா என்று சோதிக்க அவர்களுக்கு உதவியது ஆப்பிரிக்க நகத் தவளையின் முட்டை.

கிராண்ட் லிடில் 1963இல் விவரித்த ஒரு குடும்ப நோய்க்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. இரத்த அழுத்தம் அதிகம், பொட்டாசியம் குறைவு, ஆல்டோஸ்டிரோனோ மிகக் குறைவு. ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் பயன் தரவில்லை. சிறுநீரகத்தில் இதே கால்வாயை அடைக்கும் ட்ரையாம்ட்டெரின் பலித்தது. 1994இல் ரிச்சர்ட் லிஃப்டன் குழு அந்தக் குடும்பத்தில் கால்வாயின் பீட்டா துணைப்புரதத்தில் பிறழ்வைக் கண்டது. ஹார்மோன் கட்டளையிடாமலே திறந்து கிடந்த கால்வாய் அது. அந்தக் குடும்பத்தில் லிடில் விவரித்த நோயாளியான பெண்ணுக்குச் சிறுநீரகம் செயலிழந்து 1989இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியபின், இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் சீராகியிருந்தன.