வெண்புள்ளி நோய்: பழவேற்காடு ஏரி வட்டாரம்

இறால் பண்ணைகளைச் சூறையாடும் வைரஸ் நோய். 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தலைகாட்டி, 1994இன் இறுதியில் இந்தியாவின் கிழக்குக் கரையைத் தொட்டது. நோய் கண்ட இறால் தீனி எடுக்காமல் குட்டையின் ஓரம் ஒதுங்கும். தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உட்புறத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். 3 முதல் 10 நாளில் குட்டையே காலியாகலாம். மனிதருக்கு இது தொற்றாது.

இறால் செத்தாலும் வைரஸ் குட்டையை விட்டுப் போய்விடுவதில்லை. வெயிலில் காயவிட்ட குட்டைச் சேற்றில் 19 நாள் வரையும், நீர் வடியாத சேற்றில் 35 நாள் வரையும் அது வீரியம் குன்றாமல் இருந்ததைச் சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் (சிபா) கண்டறிந்தது. அவசரப்பட்டு மீண்டும் இறால் குஞ்சு விடுபவர் பழைய நோயையே வளர்க்கிறார். சேற்று நண்டு தான் சாகாமலேயே வைரஸைச் சுமந்து வரப்பைத் தாண்டும். செத்த இறாலைக் கொத்திச் செல்லும் பறவை அடுத்த குட்டையில் அதை நழுவவிடும். நண்டு வேலியும் பறவை வலையும் இதற்காகத்தான்.

அதிகம் பேசப்படாத வழி சேற்றுப்புழு. பொரிப்பகங்களில் தாய் இறாலுக்கு இதுவே விருப்பத் தீனி. பழவேற்காட்டில் இருளர் குடும்பங்கள் ஏரிச்சேற்றைக் கிளறிப் புழு எடுத்து விற்பதுண்டு. வட தமிழகக் கரையில் 8 இடங்களில் எடுத்த புழுக்களை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வில், 5 இடத்துப் புழுக்களில் வைரஸ் இருந்தது. பண்ணைகளுக்கு அருகில் கூடுதலாகவே இருந்தது. விற்பனையாளரிடம் வாங்கிய புழுக்களில் பாதி தொற்றுடையவை. பண்ணைக் கழிவிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து தாய் இறாலுக்கும், அதன் குஞ்சு வழியாக மறுபடி பண்ணைக்கும் நோய் சுற்றிவர இடமிருக்கிறது. புழு எடுப்பவரைக் குறை சொல்வது நியாயமில்லை. சேற்றில் நோயை விட்டவர் அவரல்லர்.

பண்ணைகளைக் கட்டுப்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2009 முதல் நோயற்ற தாய் இறாலிலிருந்து பெருக்கிய வன்னாமெய் இனம் பரவியது. வெண்புள்ளி அதையும் விடவில்லை.

நோய் கண்டதும் குட்டை நீரை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேக்கிவைத்த பிறகே வெளியேற்ற வேண்டும். நஷ்டப்பட்டவர் மறு செலவுக்குத் தயங்கி மதகைத் திறந்துவிட்டால், அதே ஓடையிலிருந்து நீர் இறைக்கும் அடுத்த பண்ணையில் சில நாளிலேயே இறால் ஓரம் ஒதுங்கத் தொடங்கும்.