கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.

'அமரன்' படத்தை எல்லோரும் துப்பாக்கிச் சண்டைக்காகப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அது போன் மணிக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் படமாகத்தான் பட்டது. 2024 தீபாவளிக்கு வந்த படம், ராஜ்குமார் பெரியசாமி இயக்கியது. மேஜர் முகுந்த் வரதராஜனாக சிவகார்த்திகேயன், அவர் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸாக சாய் பல்லவி.

சேலையூர்க்காரர்களுக்கு இது வெளியூர்க் கதை இல்லை. இருவரும் சந்தித்தது நம்ம எம்.சி.சி.யில். 1937-ல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்த கல்லூரி. அதன் விடுதி ஒன்றுக்கு நம் ஊர்ப் பெயர்தான், சேலையூர் ஹால். முகுந்த் அங்கே இதழியல் டிப்ளமோ படித்தார். பிறகு ராணுவ அதிகாரிப் பயிற்சி பரங்கிமலை ஓ.டி.ஏ.வில். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நடுவில் ஆறே ஸ்டேஷன். கல்லூரிக்கும் பட்டாளத்துக்கும் அவ்வளவுதான் தூரம். அதற்கப்புறம்தான் நீண்டது. 2006-ல் ராஜ்புத் ரெஜிமெண்ட் 22-வது பட்டாலியன். 2009 ஆகஸ்டில் கல்யாணம். ஐ.நா. பணிக்காக லெபனான். கடைசியாகக் காஷ்மீரில் 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ்.

கல்லூரிக் காதலையும் போரையும் சேர்த்துச் சொன்ன படம் நமக்குப் புதிதல்ல. 1963-லேயே கண்ணதாசன் தயாரிப்பில் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த 'இரத்தத் திலகம்' வந்துவிட்டது. சீனப் போர் முடிந்த மறு வருஷம். ஆனால் நிஜத்தில் அந்தக் காலத்துப் பட்டாளத்துக்காரர் மனைவிக்குத் துணை இன்லாண்ட் லெட்டர் மட்டும்தான். முகவரியில் நம்பர், பெயர், யூனிட், கீழே 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' இல்லாவிட்டால் 99. ஊர்ப் பெயர் கிடையாது. 56 என்றால் கடிதம் டெல்லிக்குப் போய் அங்கிருந்து பிரியும், 99 என்றால் கல்கத்தா. புருஷன் லடாக் பனியில் இருக்கிறாரா ராஜஸ்தான் மணலிலா என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. தபால் பத்து நாள் தாமதமானால் 'மெதுவாக வரும்' என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அந்தத் தாமதத்துக்குள் ஒரு சௌகரியம் இருந்தது என்றுகூடச் சொல்வேன். செல்போன் அதைப் பிடுங்கிக்கொண்டது. பேசுவதாகச் சொன்ன நேரத்துக்கு மணி அடிக்கவில்லையென்றால் அந்த நிமிஷத்திலிருந்தே வயிற்றில் நெருப்பு.

2014 ஏப்ரல் 24, வியாழன். தமிழ்நாடு முழுவதும் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. நாமெல்லாம் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். அன்றைக்கே சோபியான் பகுதியிலும் வாக்குப்பதிவு. அங்கே தேர்தல் பணி முடித்துத் திரும்பிய ஊழியர்களைத் தீவிரவாதிகள் சுட்டார்கள், ஓர் அலுவலர் இறந்தார். மறுநாள் காசிபத்ரி கிராமத்தில் பதுங்கியிருந்தவர்களைத் தேடிப் போன படைக்குத் தலைமை முகுந்த். அந்தச் சண்டையில் அவரும் சிப்பாய் விக்ரம் சிங்கும் வீரமரணம் அடைந்தார்கள். முகுந்துக்கு வயது 31. நம் விரலில் மை அழிந்திருக்கவில்லை.

உடல் சென்னைக்கு வந்தது, பெசன்ட் நகரில் தகனம். விக்ரம் சிங்கை நம் பக்கம் அதிகம் பேர் நினைப்பதில்லை, அது எனக்கு உறுத்தல்.

2015 ஜனவரி 26, டெல்லி ராஜபாதை. சிறப்பு விருந்தினராக ஒபாமா உட்கார்ந்திருக்க, குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியிடமிருந்து அசோக சக்கரத்தை வாங்கிக்கொண்டது இந்து. டி.வி.யில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அவர் அழவில்லை.